ஜோர்ஜ் டவுனில் ஒரு நாள் நடை



கல்வியாண்டின் கடைசி வாரங்கள் நெருங்கிவிட்டால், மாணவர்களை எங்கே சுற்றுலா அழைத்துச் செல்வது என்னும் பேச்சு எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் எழும். நீர்விளையாட்டுப் பூங்கா, மிருகக்காட்சிச் சாலை, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் என்று பட்டியல் நீளும். இம்முறை ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் 22 பேரை ஜோர்ஜ் டவுனுக்கே அழைத்துச் செல்வது என முடிவெடுத்தோம். "தினமும் பார்க்கிற ஊர்தானே ஐயா, இதற்கு ஒரு சுற்றுலாவா?" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், நம் பிள்ளைகள் அவ்வூரைப் பார்த்திருப்பதெல்லாம் மகிழுந்தின் கண்ணாடி வழியாக. அதுவும் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது!

எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. சில மாதங்களுக்கு முன்பு 'நம் முன்னோர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஏறக்குறைய எல்லா ஏடுகளிலும் ஒரே கதைதான். இரப்பர் மரம் சீவுவதற்காக வெள்ளைக்காரர்கள் நம்மைக் கப்பலில் ஏற்றிவந்தார்கள் என்பதோடு வரலாறு தொடங்கி, அங்கேயே முடிந்தும் போகிறது. தோட்டத்து வாழ்க்கை நம்மில் பலருக்கும் குடும்ப வரலாறு. அதை மறைக்கவோ குறைத்துப் பேசவோ வேண்டியதில்லை. ஆனால், இந்நாட்டில் இரப்பர்த் தோட்டங்கள் பரவியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பினாங்கில் நம்மவர் கால்பதித்தது அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பு. இதை வகுப்பறையில் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். கல்லையும் சுவரையும் தொட்டுப் பார்த்தால் மறக்கமாட்டார்கள் என்று நம்பினேன்.

காலை எட்டு மணிக்கு விக்டோரியா மணிக்கூண்டின் அடியில் கூடினோம். அதன் உயரம் 60 அடி. அரசியார் ஆண்ட 60 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஓர் அடி என்ற கணக்கு மாணவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அருகிலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியபோது மரக்கழிகளால் அமைத்த அரண், பின்னர் செங்கல் கோட்டையானது. லைட் 1794-இல் எழுதிய அறிக்கையின் செய்தியை அங்கே நின்று சொன்னேன். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த 'சூலியா' மக்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் அப்போதே இங்குக் குடியிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அதற்கு முன்பே கெடாவில் நெடுநாள் வாழ்ந்தவர்கள். அவர்களைத் தவிர ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர்வரை கப்பலில் வந்து, உழைத்துப் பொருள் சேர்த்துத் திரும்பினர்.

செங்கல் கோட்டையைக் கட்டியதில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பும் உண்டு என்றேன். உடனே ஒரு மாணவன், "அப்படியென்றால் நாம் திருடர்களின் பிள்ளைகளா, ஐயா?" என்று கேட்டான். சிரிப்பொலி எழுந்தது, அவன் சிரிக்கவில்லை. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் கைதிகள் அனுப்பப்பட்டதையும், அவர்களுள் கலகம் செய்தவர்களும் சிறு குற்றவாளிகளும் கொடியவர்களும் கலந்தே இருந்ததையும் விளக்கினேன். அன்றிரவு அவனுடைய தந்தையார் தொலைபேசியில் அழைத்து, பிள்ளைகளுக்கு இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று வருத்தப்பட்டார். வயிற்றுக்கில்லாமல் களவு செய்தவனும் அக்காலத்தில் கடல் கடத்தப்பட்டான் என்றேன். பெருமைக்குரியதை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொன்னால், பிள்ளைகள் பெரியவர்களானதும் நம்மை நம்பமாட்டார்கள் என்பது என் துணிபு. அவர் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை.

கோட்டையிலிருந்து பினாங்குத் தெரு வழியே நடந்து, நகரத்தாரின் கோவில் வீட்டைப் பார்த்தோம். தைப்பூசத்திற்கு முந்திய நாள் வெள்ளி இரதம் புறப்படுவது இங்கிருந்துதான். அவ்விரதம் 1894-இல் தமிழகத்திலிருந்து வந்தது. ஆண்டுதோறும் தேங்காய் உடைக்கும் இரதம் தம் பாட்டனுக்கும் மூத்தது என்பது மாணவர்களுக்குப் புதுச்செய்தி. அடுத்தது மார்க்கெட் தெரு, நம்மவர் வாயில் 'கடைத்தெரு'. பின்னர் குயின் தெருவில் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம். 1801-இலேயே சிறு கோயிலாக இருந்து, 1833-இல் ஆலயமாக எழுந்தது என்பது அதன் வரலாறு. அங்கிருந்து சில நிமிட நடையில், சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா. நாகூரையும் நாகப்பட்டினத்தையும் நிலப்படத்தில் காட்டி, பாய்மரக் கப்பலின் பாதையை விரலால் வரையச் சொன்னேன்.

அடுத்த தெருவில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பெயர்ப்பலகையை உரக்க வாசித்துக்கொண்டு வந்த மாணவி, 'கெலிங்' என்னும் சொல்லில் நின்றுவிட்டாள். எதற்கென்று எனக்குத் தெரியும். இதைப் படிக்கும் மலேசியப் பெற்றோர்களுக்கும் தெரியும். விளையாட்டுத் திடலில் நம் பிள்ளைகள்மீது எறியப்படும் சொல் அது. நிழலில் எல்லாரையும் உட்காரவைத்தேன். அச்சொல் கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. முற்காலத்தில் அது வசைச்சொல் அன்று; தென்னிந்தியரைக் குறித்த பொதுப்பெயர். 'கப்பித்தான்' என்பது ஒரு சமூகத்தின் தலைவராக ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்டவருக்குரிய பட்டம். அப்பட்டத்தைத் தாங்கிய காதிர் மொகிதீன் என்னும் தமிழ் முஸ்லிம் தலைவரின் முயற்சியால் 1801-இல் இப்பள்ளிவாசல் உருவாயிற்று. "அப்போ யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபப்படக் கூடாதா, ஐயா?" என்றாள் அம்மாணவி. கோபப்படலாம் என்றேன். இன்று இழிவுபடுத்தவே அதைச் சொல்கிறார்கள். ஆனால், இப்பலகையைக் கண்டு நீ தலைகுனிய வேண்டியதில்லை என்றும் சொன்னேன். இன்னும் நல்ல விடை வேறு ஆசிரியர்களிடம் இருக்கக்கூடும், எழுதி அனுப்புங்கள்.

ஆர்மீனியன் தெருவில் 2012-இல் வரையப்பட்ட மிதிவண்டிச் சுவரோவியத்தைப் பார்க்காமல் வரமாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். கால்மணி நேரம் வரிசையில் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். போகட்டும், பிள்ளைகள்தாமே! மதிய உணவு நாசி கண்டார். 'கண்டார்' என்பது காவடிபோல் தோளில் சுமக்கும் தண்டு. தமிழ் முஸ்லிம்கள் அதில் சோறும் குழம்பும் சுமந்து துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற கதையைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். சைவ உணவுக்காரர் நால்வருக்குக் கடைத்தெருவில் தோசை வாங்கியிருந்தோம்.

மாலையில் பார்குவார் தெருவுக்கு வந்தோம். செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்கு அடுத்தாற்போல் மாநில அருங்காட்சியகக் கட்டடம். நான் இவ்வளவு தூரம் நடத்திவந்தது இதற்காகத்தான். ஹட்ச்சிங்ஸ் பாதிரியார் 1816 அக்டோபர் 21-இல் தொடங்கிய பினாங்கு இலவசப் பள்ளி பின்னாளில் இங்கேதான் இயங்கியது. அப்பள்ளியில் அமைந்த தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டு, 2016-இல் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். அவ்வகுப்பு நீண்டநாள் நிலைக்கவில்லை. நாம் பார்க்கும் கட்டடமும் அன்றையது அன்று. பிற்காலத்தில் எழுந்தது, அதிலும் ஒரு பாதி இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சால் அழிந்தது. இதையெல்லாம் மாணவர்களிடம் மறைக்கவில்லை. "அந்த வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள்?" என்று கேட்டான், காலையில் கைதிகளைப் பற்றிக் கேட்ட அதே மாணவன். மிகச் சிலராகத்தான் இருந்திருப்பார்கள் என்றேன். "எங்கள் வகுப்பைப் போலவா?" என்றான்.

அவன் கேலியாகக் கேட்கவில்லை. இன்று பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆண்டுதோறும் முதலாம் ஆண்டுப் பதிவு நடக்கும்போது எத்தனை பெயர்கள் சேரும் என்று காத்திருக்கும் ஆசிரியர்களின் மனநிலையை இங்கு விவரிக்க வேண்டியதில்லை.

திரும்பியதும், வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு, குடும்பம் பினாங்குக்கு வந்த கதையை எழுதச் சொன்னேன். ஒன்பது பேர் தோட்டத்துக் கதை எழுதினார்கள். ஐவரின் முன்னோர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள். ஒருத்தியின் கொள்ளுத்தாத்தா கடைத்தெருவில் கணக்கெழுதியவர். கேட்பதற்கு வீட்டில் மூத்தவர் யாரும் இல்லை என்று எழுதியவர்கள் நால்வர். மூவர் இன்னும் ஏட்டைத் தரவில்லை.

அடுத்த நடைக்குப் பெற்றோர் நால்வர் துணைக்கு வந்தால் நலமாக இருக்கும். மொத்த நடை மூன்று கிலோமீட்டருக்குள்தான். வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் போதும். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வழிபாட்டுத் தலங்களுக்குள் செல்வதால் உடை அதற்கேற்றதாக இருக்கட்டும்.