நழுவிய பட்டை



பல ஆண்டுகளாக என் பள்ளியில் எவரிடமும் கூறாத ஒன்றை இன்று எழுதுகிறேன்.

2012ஆம் ஆண்டு, உடல் எடையைக் குறைப்பதற்காக என் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிச் சிலிக்கோன் பட்டை ஒன்றைப் பொருத்திக்கொண்டேன். பட்டைக்கு மேலே ஒரு சிறு பை உருவாகும். சிறிதளவு உண்டாலே வயிறு நிறைந்துவிடும். தோலுக்கடியில் வைத்திருக்கும் குமிழின் வழியாக உப்புநீரை ஏற்றினால் பட்டை இறுகும், இறக்கினால் தளரும். இரண்டு ஆண்டுகளில் 24 கிலோ குறைந்தேன். எப்படி என்று கேட்டவர்களிடம், “காலையில் நடக்கிறேன்” என்று மட்டும் கூறினேன்.

2018ஆம் ஆண்டில் தொல்லை தொடங்கியது. படுத்தால் நெஞ்செரிச்சல், இரவெல்லாம் இருமல். பிறகு கஞ்சியும் வயிற்றில் தங்கவில்லை. ஓய்வு நேரத்தில் கழிவறையில் வாந்தியெடுத்து, முகம் கழுவிக்கொண்டு வகுப்பிற்குச் செல்வேன். அதிகமாக உண்டதன் தண்டனை இது என்றெண்ணி, மருத்துவரிடம் செல்லவும் வெட்கப்பட்டேன். இப்படியே ஆறு வாரங்கள் கழிந்தன.

என் நான்காம் ஆண்டு வகுப்பில் சற்றுப் பருமனான மாணவி ஒருத்தி இருந்தாள். ஓய்வு நேரத்திலும் வகுப்பறையிலேயே அமர்ந்திருப்பாள். ஒருநாள் அவள் என்னிடம் மெல்லக் கேட்டாள்:

“டீச்சர், உங்களையும் யாராச்சும் கேலி பண்றாங்களா? அதான் நீங்களும் கேண்டினுக்கு வர்றதில்லையா?”

மாணவர் நலன் பற்றிப் பயிற்சிக் கழகத்தில் பக்கம் பக்கமாக எழுதித் தேர்ச்சி பெற்றவள் நான். என் கண்முன்னே ஒரு பிள்ளை பசித்திருந்ததைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

அன்று மாலையே மருத்துவமனைக்குச் சென்றேன். பேரியம் கரைசலைக் குடிக்கச் செய்து ஊடுகதிர்ப் படம் எடுத்தனர். பட்டை நழுவி, அதற்குக் கீழிருந்த இரைப்பை மேலேறியிருந்தது. உடனே உப்புநீரை ஊசியால் வெளியேற்றினர். இன்னும் தாமதித்திருந்தால் இரைப்பையின் இரத்த ஓட்டமே தடைப்பட்டிருக்கக்கூடும் என்றார் மருத்துவர். இச்சிகிச்சையில் பட்டை நழுவுவது மருத்துவர்கள் அறிந்த சிக்கல்தான் என்றும், வெட்கப்பட ஏதுமில்லை என்றும் அவர் கூறியபோது அழுதுவிட்டேன்.

மறுநாள் லேப்ராஸ்கோப்பி எனும் நுண்துளை அறுவைச் சிகிச்சை நடந்தது. வயிற்றுக்குள் கரியமிலவாயுவைச் செலுத்தி, ஐந்து சிறு துளைகளின் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் நுழைத்தனர். மேலேறிய இரைப்பையைக் கீழிறக்கி, பட்டையை உரிய இடத்தில் வைத்துத் தைத்தனர். கண்விழித்தபோது வயிற்றைவிடத் தோள்தான் அதிகமாக வலித்தது. எஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அவ்வாறு வலிக்கும் என்று தாதி விளக்கினார்.

இன்று இப்பட்டையைப் பொருத்துவது மிகவும் குறைந்துவிட்டது. இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றும் முறையே பரவலாகியுள்ளது. எம்முறையாயினும் தொடர்ந்து வாந்தியோ வலியோ இருந்தால், மறைக்காமல் உடனே மருத்துவரை நாடுங்கள்.

பள்ளிக்குத் திரும்பிய நாளில் சக ஆசிரியர்களிடம் உண்மையைக் கூறினேன். ஓய்வு நேரத்தில் அம்மாணவியுடன் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்தேன். எனக்கு வடிகட்டிய சூப்பு, அவளுக்கு மீகூன். தட்டிலிருந்ததை முழுவதும் உண்டாள்.

பெற்றோர்களே, “குண்டு” என்று செல்லமாகக்கூடப் பிள்ளைகளை அழைக்காதீர்கள். ஆசிரியர்களே, ஓய்வு நேரத்தில் வகுப்பறையிலேயே தங்கிவிடும் பிள்ளை யார் என்று நாளை ஒருமுறை பாருங்கள்.