அரசிலை மோதிரம்
(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)

லேத்தும் வெர்னியரும் பிடிக்கிற பையன் நகையைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். எங்கள் ஊர் குன்றாண்டார்கோவில். குடைவரைக் கோயிலும், குதிரைகள் இழுக்கும் தேர் போன்ற கல் மண்டபமும் எங்களுக்குப் பெருமை. அந்த ஊரில் எங்கள் வீட்டில் மூன்று மாதம் யாருக்கும் சோறு இறங்கவில்லை. காரணம், குந்துமணித் தங்கம்!

அக்கா நர்ஸ். கூட வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். அவர் வேறு சாதி. அழுது புரண்டு இரண்டு வீடும் இறங்கி வந்தபோது அடுத்த வம்பு முளைத்தது. எந்த வீட்டுத் தாலி? பொட்டுத்தாலி, சிறுதாலி, இலிங்கத்தாலி என்று நம்மிடம்தான் எத்தனை வகை! பக்கத்துச் செட்டிநாட்டில் கழுத்திரு என்று தனி. அன்பின் அடையாளம் என்கிறோம். ஆனால் எங்கள் அப்பத்தா தாலியைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடும். "நம்ம தாலி இல்லேன்னா நான் பந்தலுக்கே வரமாட்டேன்" என்றது. மாப்பிள்ளையின் அம்மாவும் அங்கே அதையேதான் சொன்னாராம்.

அப்போது அயர்லாந்தில் வேலை பார்க்கும் அக்காவின் தோழி ஒரு படம் அனுப்பினாள். கால்வே நகரை ஒட்டிய கிளாடா என்ற மீனவர் குடியிருப்பின் பெயரால் வழங்கும் மோதிரம். 300 வருடப் பழைய வடிவம். இரண்டு கைகள் ஓர் இதயத்தைத் தாங்குகின்றன, மேலே கிரீடம். கை நட்பு, இதயம் காதல், கிரீடம் விசுவாசம். காதலிக்குத்தான் என்றில்லை, தோழிக்கும் கொடுக்கலாம், மகளுக்கும் கொடுக்கலாம். தோடு, டாலர் என்று இப்போது புதுப்புது மாதிரியில் வருகிறது. இதயத்தின் முனை விரல் நுனியைப் பார்த்தால் ஆள் இல்லை, மணிக்கட்டைப் பார்த்தால் ஆள் இருக்கு. (நம்ம ஹாஸ்டலுக்கு ரொம்பத் தேவை!)

மோதிரம் போட்டால் கல்யாணமா என்று கேட்பீர்கள். 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தைப் பாருங்கள். மாலை மாற்றினாலும் செல்லும், மோதிரம் அணிவித்தாலும் செல்லும், தாலி கட்டினாலும் செல்லும். உறவினரோ நண்பர்களோ முன்னால் இருந்தால் போதும். ஆமாம், 'நண்பர்கள்' என்று சட்டத்திலேயே இருக்கிறது!

இரண்டு நாள் பேசாமல் இருந்த அப்பா மூன்றாம் நாள் அப்பத்தாவிடம் கேட்டார்: "அனுமாரு சீதைகிட்ட கொண்டுபோனது தாலியா? கணையாழிதானே?" அப்பத்தா வெற்றிலையை மெல்ல ஆரம்பித்தது.

நான் பிளான், எலிவேஷன், சைடு வியூ எல்லாம் வரைந்து கீரனூர் ஆசாரியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "கிரீடம் எதுக்கு தம்பி? புதுக்கோட்டை ராஜாவே 1948ல சமஸ்தானத்தை இந்தியாவோட சேர்த்துட்டாரு." கிரீடம் போச்சு. இதயத்தைப் பார்த்து, "இது நம்ம அரசிலைதானே?" என்று நரம்பு கீறிவிட்டார். குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டுவோமே, அதே அரசிலை. "22 கேரட்டுல விரலெல்லாம் இவ்வளவு மெல்லிசா வச்சா வளைஞ்சுடும்" என்று கைகளையும் தடிமனாக்கினார். கடைசியில் அது அயர்லாந்து மோதிரமே இல்லை, நம்ம ஊர் மோதிரம்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அப்பத்தா பந்தலுக்கு வரவில்லை, பந்திக்கு வந்தது.

வார்டில் கிளவுஸ் கிழிகிறது என்று அக்கா இப்போது மோதிரத்தைச் செயினில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறாள். அது எங்க தாலிதான் என்று அப்பத்தா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறது. அக்காவின் மாமியாரும் அவங்க ஊரில் அதையேதான் சொல்கிறாராம்.