வாப்பாவின் காரில் மூன்றாவது மிதி

தானாகவே கியர் மாறும் பழைய காரைக் கையால் கியர் போடும் காராக மாற்றலாமா என்று உங்களில் எவரேனும் எண்ணியிருந்தால், பினாங்கில் எங்கள் இல்லத்தில் நடந்ததைச் சற்றுக் கேளுங்கள்.

எங்களுடையது மெர்ஸிடிஸ் 230ஈ. 1976 முதல் பத்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 27 லட்சம் வெளிவந்த டபிள்யூ 123 வரிசையைச் சேர்ந்தது. 2.3 லிட்டர் எஞ்சின், 136 குதிரைசக்தி. வாப்பா அதனை வாங்கியபோதே ஆட்டோமேட்டிக்காகத் தேடி வாங்கினார்கள். அவர்களுடைய இடது முழங்கால் கிளட்ச் மிதிக்க ஒத்துழைப்பதில்லை. எவர் தயவையும் எதிர்பாராமல் ஜும்ஆவுக்குப் போய்வர அந்தக் கார் அவர்களுக்கு உதவியது.

வாப்பாவுக்கு எண்பத்தொரு வயதாகும்போது கியர்ப்பெட்டி கெட்டது. ரிவர்ஸ் விழவில்லை, எண்ணெய் கருகி நாறியது. செப்பனிட நல்ல உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. “மேனுவல் போட்டுவிடலாம்” என்றான் தம்பி. “வாப்பா எப்படி ஓட்டுவார்கள்?” என்று உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அதன் பிறகு அந்தப் பேச்சு இரண்டு நாள் எழவேயில்லை. மூன்றாம் நாள் வாப்பாவே, “கார் நிற்பதைவிட ஓடுவது மேல், போடுங்கள். பழைய பெட்டியை மட்டும் விற்றுவிடாதீர்கள்” என்றார்கள்.

பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி மாட்டுவதோடு வேலை முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். டார்க் கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் ஃபிளைவீலும் கிளட்ச் தட்டும் வரவேண்டும். கிராங்க் தண்டின் முனையில் சிறு பேரிங் ஒன்று பொருத்த வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்பாகம் நீளம் வேறு. ஆகவே அதுவும் மாறும். மிதிகள் அமைந்த சட்டம் முழுவதையும் கழற்றி மேனுவல் காரின் சட்டத்தைப் போட வேண்டும். கிளட்சுக்குரிய எண்ணெய் பிரேக் எண்ணெய்க் குப்பியிலிருந்தே ஒரு குழாய் வழியாக வருகிறது. ஆட்டோமேட்டிக் காரின் குப்பியில் அவ்வழி திறந்திராது. ரேடியேட்டருக்குச் செல்லும் கியர் எண்ணெய்க் குழாய்களை நீக்கி வாய்களை அடைக்க வேண்டும். ஆகவே உதிரி உதிரியாகத் தேடாமல், உடைப்பதற்கு வந்த மேனுவல் காரொன்றிலிருந்து எல்லாவற்றையும் ஒருசேர எடுப்பதே அறிவுடைமை. நாங்களும் அவ்வாறே செய்தோம்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன். ஆட்டோமேட்டிக் கார் ‘பி’, ‘என்’ நிலைகளில் மட்டுமே ஸ்டார்ட் ஆகும். மாற்றிய பிறகு அந்தக் காவல் போய்விடுகிறது. கியரில் கிடக்கும்போது சாவியைத் திருப்பினால் கார் பாயும். சக்கரத்தைப் பூட்டும் ‘பி’ நிலையும் இராது. எனவே ஹேண்ட் பிரேக்கை முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். ஆயர் ஈத்தாம் மேடுகளில் வசிப்போருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பயன் உண்டா என்றால், உண்டு. மேட்டில் முன்பிருந்த தயக்கம் இப்போது இல்லை. எஞ்சின் ஆற்றல் கன்வெர்ட்டரின் எண்ணெயில் வீணாவதில்லை. ஆனால் மலேசியாவில் ‘டிஏ’ உரிமம் மட்டும் உடையவர்கள் இக்காரைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டு மருமகளும் அவ்வகையினரே என்பது வேலை முடிந்த பின்னரே பேசப்பட்டது! காப்புறுதி நிறுவனத்துக்கும் சாலைப் போக்குவரத்துத் துறைக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். என்றேனும் விற்பதாயின், வாங்குபவரிடம் இம்மாற்றத்தைச் சொல்லியே விற்க வேண்டும். குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் ஆகாது.

என் கருத்து இதுதான்: காரின் உரிமையாளர் இன்னும் தாமே ஓட்டிக்கொண்டிருந்தால், எத்தனை மாதம் காத்திருந்தேனும் பழைய பெட்டியையே செப்பனிடுங்கள். எங்கள் தம்பி இதனை ஒப்புக்கொள்வதில்லை.

பழைய பெட்டி இப்போது வீட்டின் பின்கட்டில், எண்ணெய் வடித்து, துளைகள் அடைத்து, தார்ப்பாய் போர்த்தி மரப்பலகை மேல் இருக்கிறது. கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளிலிட்டு, எது எங்கே உரியதென்று வாப்பா தம் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்கள்.