முதல் வாரம், ஹாலே

தபால்பெட்டியில் பெயர் ஒட்டுவதுதான் இங்கே முதல் வேலை. ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போன மதுரைக்கார சீனியர் அக்கா, டிராமில் ஏறியதுமே சொல்லிவிட்டார்: "ரூம் சாவி வாங்கினதும் கீழ இறங்கிப் போய் பேரை ஒட்டிரு. மத்ததெல்லாம் அப்புறம்." ஜெர்மன் முகவரியில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், அத்தோடு சரி. எந்தப் பெட்டி யாருடையது என்று தபால்காரர் பெயரை வைத்துத்தான் பார்க்கிறார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். பேங்க் கார்டு ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய எண் இன்னொன்றில். வரி எண், இன்ஷூரன்ஸ் கார்டு எல்லாமே தபால்தான்.

*

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்கிறார்கள், தமிழ்ப் பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். பதிவுச் சான்று கைக்கு வந்தால் பேங்க் கணக்கு சுலபம். கணக்கு திறந்த பிறகுதான் விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்டில் கட்டி முடக்கிவைத்த பணம் மாதாமாதம் இறங்கும். ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதம் 992. 2024 செப்டம்பரிலிருந்து இந்தத் தொகை.

அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் அது. விசாவுக்கு முன்பே முழுத் தொகையையும் கட்டியாயிற்று. ஆனால் அறை வாடகையையும் முன்பணத்தையும் அதிலிருந்து ஒரு யூரோ வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊரில் ஏஜென்ட் ஆபீஸ்களில் இதை யாரும் சொல்வதில்லை. எந்த யூனிவர்சிட்டி, எவ்வளவு பீஸ், எப்போது விமானம் என்பதோடு அவர்கள் பேச்சு முடிகிறது. எனக்கு இதில் கோபமே வருகிறது. பக்கத்து அறைக் கேரளப் பையன் கையிருப்பு தீர்ந்து, வெறும் பிரெட்டோடு நாளை ஓட்டிக்கொண்டிருந்தான். பொதுச் சமையலறையில் அக்கா அதைக் கவனித்து, பேச்சே இல்லாமல் ஒரு தட்டை அவன் பக்கம் தள்ளினார்.

2023-24இல் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,500 பேர். வேறெந்த நாட்டிலிருந்தும் இத்தனை பேர் வரவில்லை. இவ்வளவு பேருக்குத் தெரிய வேண்டிய விஷயம், முந்தைய ஆண்டு வந்தவர் வாய்வழியாகத்தான் அடுத்தவருக்குப் போகிறது.

*

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஸ்டேஷன் கடைகளும், காலையில் சில மணி நேரம் பேக்கரிகளும் மட்டும். சனிக்கிழமை மாலையே அரிசி, பால் வாங்கிவிட வேண்டும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை இயந்திரத்தில் திருப்பிப் போட்டால் 25 சென்ட்.

*

வகுப்பு. எட்டு மணி என்று போட்டிருந்தால் பெரும்பாலும் எட்டேகாலுக்குத்தான் தொடங்குகிறது. இந்தக் கால்மணி இங்குள்ள பல்கலைக்கழகங்களின் பழைய வழக்கம். பேராசிரியர் பாடத்தை முடித்ததும் எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டினார்கள். கைதட்டலுக்குப் பதில் அது. சத்தம் அறை முழுக்கப் பரவியபோது உடம்பு சிலிர்த்தது. நானும் தட்டினேன்.

பல பாடங்களில் வருகைப்பதிவு எடுப்பதில்லை. தேர்வுக்கு நாமேதான் பதிந்துகொள்ள வேண்டும்; தேதி தவறினால் நினைவூட்ட ஆள் இல்லை. ஊரில் இன்டர்னல் மார்க், அட்டென்டன்ஸ், அப்பாவுக்குப் போகும் எஸ்எம்எஸ் என்று எத்தனை பேர் பின்னாலேயே நின்றார்கள். இங்கே என்னைப் பெரியவனாக மதித்து விட்டுவிட்டார்கள். அந்த மதிப்பு பிடித்திருக்கிறது, அதற்குத் தகுந்தபடி நடக்க வேண்டும் என்ற பயமும் இருக்கிறது. பாலிமர் வேதியியல் புத்தகத்தை இன்றே நூலகத்தில் எடுத்துவிட்டேன்.

*

பிராங்கே பிளாட்ஸ் என்ற நிறுத்தத்தில் இறங்கினேன். பிராங்கே அறநிலையம் அங்கேதான். ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1698இல் கட்டத் தொடங்கிய அநாதை இல்லம். பள்ளி, அச்சகம், நூலகம் என்று வளர்ந்து ஒரு சிற்றூர் போல விரிந்து கிடக்கிறது.

எனக்கு மயிலாடுதுறை. பள்ளியிலிருந்து தரங்கம்பாடிக்கு அழைத்துப்போய் டேனிஷ் கோட்டையையும் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு சிலையையும் காட்டுவார்கள். 1706இல் அவர் வந்திறங்கியதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அவர் படித்த ஊர் இது என்பது விண்ணப்பம் போட்ட பிறகுதான் உறைத்தது. இங்குள்ள ஆவணக்காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. தமிழர்கள் எழுதிய கடிதங்களை மொழிபெயர்த்து இங்கேதான் அச்சிட்டார்கள். சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணமும் 1716இல் இந்த ஊரில்தான் அச்சானது.

அந்த இலக்கணம் உருவான கப்பல் பயணத்தில் இன்னொருவன் இருந்தான். 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞனைக் கூட அழைத்துவந்தார். நான் ஒரு நாளுக்குள் வந்த தூரத்தை அவன் மாதக்கணக்கில் கடலில் கடந்திருக்கிறான். 1715ஆம் ஆண்டுக் குளிர்காலம் அவனுக்கு ஐரோப்பாவில்தான் கழிந்தது. என்ன உடுத்தினான், சோறு கிடைத்ததா, தமிழில் பேச அந்த ஒரு பாதிரியாரைத் தவிர யார் இருந்தார்கள்? முற்றத்தில் நின்று இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் சீகன்பால்கு பெயரைச் சொல்லித்தந்த ஆசிரியர்கள் மலையப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த இலக்கணத்துக்குத் தமிழ் வாய் கொடுத்தவன் அவன். தரங்கம்பாடியில் அவனுக்கும் ஒரு கல் நட வேண்டும்.

*

ஊருக்கும் இங்கேயும் இப்போது மூன்றரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு நாலரை. மாலை ஆறுக்குள் பேசினால் அம்மா தூங்கியிருக்க மாட்டார்.

*

பார்ட்டைம் வேலை பற்றி ஊர் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். கடன் வட்டியை நினைத்தால் நாளைக்கே போகத் தோன்றுகிறது. முதல் செமஸ்டரில் வேண்டாம் என்கிறார் அக்கா. கிடங்கில் இரவு வேலை பார்த்துவிட்டுக் காலை லேபில் தூங்கி வழிந்த சிலரை அவர் பார்த்திருக்கிறார். நான் அவர் பேச்சைக் கேட்கப்போகிறேன்.

*

ஏப்ரலில் வரப்போகும் சிதம்பரம் தம்பி ஒருவன், என்னென்ன கொண்டுவரணும் அண்ணா என்று கேட்டிருந்தான். எழுதி அனுப்பியது இது:

குக்கர் வேண்டாம், இங்கேயே கிடைக்கும். புளியும் மிளகாய்த்தூளும் கொஞ்சம் போதும், லைப்சிக்கில் இந்தியக் கடை இருக்கிறது, ரயிலில் அரை மணி நேரம்தான். சான்றிதழ் நகல்களைக் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. பிளாக்டு அக்கவுண்ட் பணத்தை நம்பாமல் முதல் மாதச் செலவுக்குத் தனியாகக் கொண்டு வா. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளைச் சாவியோடு சேர்த்தே கேட்டு வாங்கு. ரயில் எத்தனை மணிக்கு ஹாலே வருகிறது என்று முதல் நாளே சொல்லிவிடு, ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.