உலக முடிவில் மூடுபனி

மலைநாட்டிற் பிறந்து வளர்ந்த எங்களுக்கு மலை புதிதன்று. தேயிலையும் குளிரும் மழையும் எங்கள் அன்றாடத் தோழர்கள். ஆயினும், மலைகளுக்கு மேலே மேசைபோல் ஒரு புல்வெளி விரிந்து கிடக்கிறது என்பதைப் புவியியற் பாடத்திற் படித்திருந்தோமே தவிர, கண்ணாற் கண்டதில்லை. அந்த ஆவல் கடந்த விடுமுறையில் நிறைவேறியது. சாரணியர் பதினெட்டுப் பேர், இரண்டு சிஸ்டர்மாருடன் ஹோர்ட்டன் சமவெளியிற் கூடாரமடித்து இரண்டு இரவுகள் தங்கினோம்.

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலவில் இறங்கி, வேனில் மேலே சென்றோம். நிலையத்தின் உயரம் 1,891 மீற்றர். சமவெளியோ 2,100 மீற்றருக்கும் மேலே உள்ளது. 1988ஆம் ஆண்டில் இது தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. வாயிலில் எங்கள் பைகளைச் சோதித்து, பிஸ்கட் சுற்றியிருந்த பொலித்தீனைக் கூட அகற்றிவிட்டார்கள். தின்பண்டங்களைக் காகிதத்திற் பொதிந்துகொண்டோம்.

இரவுக் குளிரைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது! இரண்டு கம்பளிகளுக்குள்ளும் பற்கள் தாளம் போட்டன.

மறுநாட் காலை, செபம் முடித்து ஆறு மணிக்கே நடக்கத் தொடங்கினோம். சுற்றிவர ஏறத்தாழ 9 கிலோமீற்றர். பொன்னிறப் புல், ஆங்காங்கே கூனிக் குறுகிய மரங்கள், அவற்றிடையே சிங்களத்தில் ‘மகா ரத்மல்’ எனப்படும் ரொடோடென்ட்ரன். சிறு தடாகங்களில் வானம் முகம் பார்த்தது. தூரத்தில் மரை ஒன்று தலை நிமிர்த்தி எங்களை நோக்கிவிட்டு, மீண்டும் மேயத் தொடங்கியது.

எல்லோர் நெஞ்சிலும் ஒரே எண்ணம்: ‘உலக முடிவை’ப் பார்க்கவேண்டும். ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்கும் பள்ளம் அது. ஆனால் ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி வந்து மறைத்துவிடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். எனவே விரைந்தோம்.

பாதி வழியில் எங்கள் தோழி ஒருத்திக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. மருந்தை உள்ளிழுத்து, கல்லில் அமர்ந்தாள். “நீங்கள் எல்லோரும் போங்கடி. நான் சிஸ்டருடன் இருக்கிறேன்” என்றாள். சிஸ்டரும், “விரும்புகிறவர்கள் முன்னே போகலாம்” என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இந்த ஒரு காட்சிக்காகவே மாதக்கணக்கிற் காத்திருந்தோமே! ஆனாலும் ஒருத்தி தன் பையை இறக்கிவைத்து, அவளருகே அமர்ந்தாள். பிறகு மற்றொருத்தி. இறுதியில் பதினெட்டுப் பேரும் புல்லில் அமர்ந்துவிட்டோம்.

அவள் தேறியபின் மெல்ல நடந்து உலக முடிவை அடைந்தபோது மணி பத்தரை. எதிரே வெள்ளைச் சுவர்! பள்ளமுமில்லை, கிராமமுமில்லை. தோழியின் கண்கள் கலங்கின. “என்னால்தானே?” என்றாள். என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

அப்போது வழிகாட்டி ஐயா, பாதையோர மரத்தின் பாசியைத் தொடச் சொன்னார். கை நனைந்தது. “மழை பெய்யாத நாளிலும் இந்த மூடுபனி இலையிலும் பாசியிலும் பட்டு நீராய்ச் சொட்டும், பிள்ளைகளே. கரிய மண் அதைப் பஞ்சுபோல உறிஞ்சி, சிறிது சிறிதாக ஓடைக்கு விடும். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து நீர் போகிறது” என்றார். நின்றபடியே பட்டுப்போன மரங்களையும் காட்டினார். மரங்கள் குறைந்தால், மூடுபனி வந்தாலும் அதைப் பிடித்துவைக்க ஆளில்லை என்றார்.

அதன்பின் ஒருவரும் மூடுபனியை வையவில்லை. 20 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பேக்கர் நீர்வீழ்ச்சியருகே நின்றபோது, அதன் சாரல் முகத்திற் பட்டது. சற்று முன் கையை நனைத்த ஈரமும் இவ்வாறுதான் ஓடையாகிறது என்று தோழியே சொன்னாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

எங்களிற் பலர் தலவாக்கலையிற் கொத்மலை ஓயாவைப் பார்த்தபடி வளர்ந்தவர்கள். அதுவும் மகாவலியிற் சேரும் ஆறே. இனி அதைக் காணும்போதெல்லாம், உலக முடிவை எங்களுக்குக் காட்டாத அந்த மூடுபனியை நினைத்துக்கொள்வோம். 

— தரம் 10 சாரணியர் சார்பில் ஒரு மாணவி