எண்ணெய்க் கசிவும் ஒரு ரப்பர் வளையமும்

நம் சங்கத்து அன்பர் பலரும் பழைய கார் வைத்திருப்பதால் இதனை எழுதலானேன். திருப்பதியில் ரயில்வே குமாஸ்தா நான். பெற்றோர் வாழும் சித்தூர் சுமார் 70 கிலோமீட்டர். ரயிலேற இயலாத தாயாரை மருத்துவரிடம் கொண்டுசெல்ல எங்கள் பழைய மாருதி 800 ஒன்றே துணை.

அதன் ஆயில் பில்டரின் கீழ் எண்ணெய் ஓயாது சொட்டிற்று. ஒரு பட்டறையில் இருமுறை புதிய பில்டர் மாற்றினர், இறுக்கியும் பார்த்தனர், கசிவு நிற்கவில்லை. எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்றனர். அச்செலவு என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

சித்தூர் மெக்கானிக் பெரியவர் ஒருவர், "முதலில் துடைத்துப் பார்ப்போம், ஐயா" என்றார். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, எஞ்சினை ஓடவிட்டார். மேற்பகுதி உலர்ந்தே இருந்தது. பில்டர் பொருந்தும் விளிம்பில்தான் ஈரம் துளிர்த்தது. பில்டரைக் கழற்றினார். முன்னைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கிடந்தது! அதன்மேல் புது வளையம் அமர்ந்தால் எண்ணெயின் அழுத்தத்தைத் தாங்குமா? எவ்வளவு இறுக்கினும் வீணே.

அதனை அகற்றி, புது வளையத்தில் எண்ணெய் தடவி, கையாலேயே திருகினார். வளையம் தொட்டபின் முக்கால் சுற்று, அவ்வளவே. கசிவு நின்றது.

எண்ணெய் வற்றினால் எஞ்சின் இறுகிப்போகும். ஆதலின் அன்பர்களே, அளவுகோலை அடிக்கடி எடுத்துப் பாருங்கள். புதியதைப் பொருத்துமுன் பழையது முற்றும் நீங்கியதா என விரலால் தடவிப் பாருங்கள்.