பொசிஷனோடு மலையேறலாமா?

கொடைக்கானலுக்கு வந்தும் மலையேறாத கூட்டம் ஒன்று உண்டு. வத்தலக்குண்டு தாண்டி வளைவு வளைவாக வண்டி ஏறியிருக்கும். பெருமாள்மலை வந்ததும் ஸ்வெட்டரும் போட்டிருப்பார்கள். ஆனால் காலை ஒன்பதே காலுக்கு, ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டக் குழந்தை கையைப் பிடித்து இழுக்கும்போது, அப்பாவின் கண் பங்குச்சந்தையின் நிஃப்டி குறியீட்டில் இருக்கும். திருப்பூரிலோ கோவையிலோ இருந்து “நாலு நாள் நிம்மதியா இருந்துட்டு வரலாம்” என்று கிளம்பி வந்தவர்தான். நானும் ஆப்ஷன் வியாபாரம் பண்ணுகிறவன் என்பதால் இந்த முகம் எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். பேச்சின் நடுவே பாதி வாக்கியத்தில் காணாமல் போகிற முகம்.

சந்தை நடப்பது ஆறே கால் மணி நேரம். மூட்டை தூக்கவில்லை, வெயிலில் நிற்கவில்லை. அப்படியும் மூன்றரைக்கு மணி அடிக்கும்போது உடம்பு பிழிந்து போட்டதுபோல் ஆகிவிடுகிறது. லண்டனில் 17 டிரேடர்களின் எச்சிலைக் காலையும் மாலையும் எடுத்துச் சோதித்த ஜான் கோட்ஸ், 2008இல் ஒரு விஷயத்தைச் சொன்னார்: சந்தையின் ஏற்ற இறக்கம் கூடக்கூட அவர்கள் உடம்பில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் கூடியது. கோட்ஸே முன்பு வால் ஸ்ட்ரீட்டில் டிரேடிங் செய்தவர். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் செய்த ஆய்வுகளின்படி, ஆயிரம் ரூபாய் போன வலி, ஆயிரம் ரூபாய் வந்த சந்தோஷத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நாளில் நூறு முறை விலையைப் பார்க்கிறவர் கண்ணில் ஏறக்குறைய ஐம்பது முறை இறக்கம் படும். ஒவ்வொரு இறக்கமும் இரட்டிப்பாக வலித்தால், லாபத்தில் முடிந்த நாள்கூட உடம்பில் நஷ்டமாகத்தான் பதிவாகும்.

நஷ்டமும் கற்பனை இல்லை. ஆப்ஷன்களும் அடங்கிய எஃப் அண்ட் ஓ பிரிவில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களை, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி ஆராய்ந்து 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் அவர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை விட்டிருக்கிறார்கள், மொத்தம் ரூ.1.8 லட்சம் கோடிக்கு மேல். அப்படியானால் அந்த 93 சதவீதம் பேரின் படபடப்பை நோய் என்று எப்படிச் சொல்வது? கைக்கு மீறிய பணம் ஆடுகிறது என்று உடம்பு ஒழுங்காகத் தகவல் சொல்கிறது. மூச்சுப் பயிற்சியால் அந்தத் தகவலை அமுக்கிவிட்டு, மறுநாள் அதே லாட்டோடு உட்காருவதில் என்ன லாபம்?

கொடைக்கானல் ஊரே இளைப்பாறப் பிறந்ததுதான். சமவெளியின் வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே வீடு கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். பிறகு 1872இல் கோக்கர் நடைபாதை வந்தது. அவர்களுக்கும் கீழே ஆயிரம் தொல்லைகள் இருந்திருக்கும். ஆனால் அந்தத் தொல்லை நொடிக்கொரு தரம் நிறம் மாறிச் சட்டைப்பைக்குள் துடிக்கவில்லை.

இந்த மலையில் எனக்குப் பிடித்த இடம் சூரிய ஆய்வுக்கூடம். அதற்கும் சந்தைக்கும் ஒரு விசித்திரமான உறவு உண்டு. 1870களில் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர், சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதால் விளைச்சல் மாறுகிறது, அதனால்தான் வியாபார நெருக்கடிகள் வருகின்றன என்று வாதிட்டார். அந்தக் கொள்கை நிற்கவில்லை. ஆனால் சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி, பஞ்சங்களைக் கண்ட அன்றைய அரசையும் குடைந்தது. கொடைக்கானலில் 1899இல் ஆய்வுக்கூடம் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்ததும் இங்கேதான். நூறாண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்த இடம் இது. ஆனால் ஒரு புள்ளி பெரிதானதும் யாரும் எதையும் வாங்கவோ விற்கவோ வேண்டியதில்லை. அங்கே நிற்கும்போது எனக்குப் பட்டது: வெறுமனே பார்ப்பது களைப்பைத் தருவதில்லை, பார்த்த நொடியே ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அரிப்புதான் ஆளைத் தின்கிறது.

பூம்பாறை, மன்னவனூர் பக்கம் மலைப்பூண்டு போடுகிறவர்களும் விலையோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான். புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூண்டு, கீழே வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. விலை சரிந்தால் ஒரு போகத்தின் உழைப்பே போய்விடும். ஆகவே அவர்களுக்குக் கவலையில்லை என்று கதை விட மாட்டேன். ஆனால் அவர்கள் முடிவெடுக்க வேண்டியது மூட்டையை இறக்கும் நாளில். இடைப்பட்ட நாட்களில் களை எடுக்கலாம், தண்ணீர் கட்டலாம், தூங்கலாம். நாமோ நொடிக்கு நொடி மூட்டையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்ற தியான மையம் இருக்கிறது. ஆமா சாமி என்ற தமிழ் இயேசு சபைத் துறவி, ஜப்பானில் ஜென் பயின்று வந்து 1996இல் தொடங்கியது. மௌனமாக, அசையாமல் உட்கார வேண்டும். பொசிஷன், அதாவது இன்னும் முடிக்காத பேரம், வைத்துக்கொண்டு இப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: கண்ணை மூடினாலும் சிவப்பும் பச்சையுமாக விலை வரைபடத்தின் கேண்டில்தான் ஓடும். பொசிஷன் இல்லாத நாளில் எந்தப் பயிற்சியும் இல்லாமலே, சும்மா ஒரு திண்ணையில் உட்கார்ந்தாலும் மனம் அடங்கும். தியானத்தைக் குறை சொல்லவில்லை. அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது என்கிறேன்.

சந்தைக்கே நிறுத்தத் தெரிந்த விவேகம் உண்டு. குறியீட்டெண் பத்து சதவீதம் சரிந்தால் வியாபாரத்தை நிறுத்திவைக்கும் விதி 2001 முதல் நடப்பில் இருக்கிறது. 2020 மார்ச் 23 காலையில் அப்படித்தான் 45 நிமிடம் நிறுத்தினார்கள். அன்று சென்செக்ஸ் 3,934 புள்ளிகள் விழுந்தது. நாட்டின் சந்தைக்கே மூச்சுவிட இடைவேளை வேண்டியிருக்க, தனி ஆள் மட்டும் நஷ்டத்தை அன்றே மீட்கிறேன் என்று லாட்டை இரட்டிப்பாக்குகிறான். பல ஆப்களில் ‘கில் ஸ்விட்ச்’ இருக்கிறது. போட்டுவிட்டால் சில மணி நேரத்துக்கு, நாம் நிறுத்திய பிரிவில் ஆர்டர் போட முடியாது. அதைப் பயன்படுத்துவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கடன் வாங்கிப் போட்டு, வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்துத் தவிப்பவருக்கு மலைக்காற்று மருந்தாகாது. அவர் முதலில் வீட்டில் உட்கார்ந்து உள்ளதைச் சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லை என்று தோன்றினால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது.

மற்றவர்களுக்கு என் யோசனை சுலபமானது. கொடைக்கானலுக்கு வண்டியில் போக இப்போது இ-பாஸ் கட்டாயம். அதை எடுக்கும் அன்றே பொசிஷனையும் முடித்துவிடுங்கள். முடிக்க மனம் வராத அளவுக்கு அது பெரிதாக இருந்தால், அறையை ரத்து செய்துவிட்டு, முதலில் அதைப் பாதியாகக் குறையுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம்.